வியாபாரம் விட்டுச்சென்ற பாதைகள்

லுவார் நதியின் நடுப்பகுதியில் இன்று சரக்கேற்றிச் செல்லும் படகு ஒன்றையும் காண முடியாது. பிரான்ஸின் தென்பகுதி மலைகளில் ஜெர்பியே-த-ஜோன் என்னும் கூம்பு வடிவக் குன்றின் அடிவாரத்தில் பிறந்து, வெகுதூரம் வடக்கு நோக்கி ஓடி, ஓர்லியான் நகரத்தருகே மேற்கே திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் கடந்து அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலக்கும் அந்த நதி, அத்தேசத்தின் நதிகளுக்குள் மிக நீளமானதாக இருந்தும், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வியாபாரிகள் திரும்பிப் பாராத நதியாகவே இருக்கிறது. அதன் கரைகளில்தான் சைக்கிள் பிரயாணிகளிடையே பிரசித்தி பெற்ற நெடும்பாதை ஒன்று செல்கிறது. சுமார் 900 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் வருஷந்தோறும் கோடைகாலத்தில் பல தேசத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளைச் சைக்கிளின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் போகிறார்கள். அவர்கள் நாடி வரும் அமைதி ஆதியிலிருந்தே அங்கே இருந்ததன்று. ஒரு பெரிய வியாபாரம் செத்துப்போனதால் பின்வந்தவர்களுக்குக் கிடைத்த ஆஸ்தி அது.

அந்த வியாபாரம் எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பாதையைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனமில்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில், நாந்த் துறைமுகத்தில் இறங்கிய சர்க்கரையும் உப்பும் மீனும் அடிமட்டம் தட்டையான நீண்ட மரப்படகுகளில் ஏற்றப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்ட வரிசைகளாக, சதுரப் பாய்களை விரித்துக்கொண்டு நதியை எதிர்த்து ஓர்லியான் வரையில் சென்றன. மேற்கேயிருந்து வீசும் சமுத்திரக் காற்று பாய்களைத் தள்ளிக்கொண்டு போனது. காற்று ஓய்ந்தால் படகுகளும் நாட்கணக்கில் கரையோரம் காத்துக்கிடந்தன. திரும்பி வரும்போது நீரோட்டமே துணை. மேலிருந்து வந்த படகுகளின் கதை வேறு: சேன்-எத்தியேன் பிரதேசத்து நிலக்கரியை ஏற்றிக்கொண்டு பைன் மரப்பலகைகளால் மலிவாகச் செய்யப்பட்ட ஓடங்கள் கீழே இறங்கின. போன இடத்தில் சரக்கை விற்று, ஓடத்தையும் உடைத்து விறகாகவும் பலகையாகவும் விற்றுவிட்டு, ஓடக்காரர்கள் கால்நடையாக ஊர் திரும்பினார்கள்.

இதில் நம்மவர்களுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1730-களின் தொடக்கம் வரையில் தங்கள் கப்பல்களில் வந்த கீழ்த்திசைச் சரக்குகளை நாந்த் நகரத்தில் ஏலம்போட்டு விற்றார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஏற்றுமதியான சோழமண்டலக் கரைத் துணிகள் அச்சரக்குகளில் முக்கியமானவை. இந்தியத் துணிகளில் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கடற்கரையில் அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டதென்பதும், பிரான்ஸின் அடிமை வியாபாரத்தில் நாந்த் முதலிடம் வகித்ததென்பதும் சரித்திரம். அந்நகரத்தின் நதிக்கரையில் 2012-ஆம் வருஷம் திறக்கப்பட்ட அடிமை ஒழிப்பு நினைவிடம் நீர்மட்டத்தருகே கீழிறங்கி நடக்கும்படியாக அமைக்கப்பட்டிருக்கிறது. லுவார்க் கரை மாளிகைகளைப் பார்த்த கையோடு சைக்கிளில் வந்து சேருகிறவர்கள் அதையும் பார்க்காமல் போகக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

நதி சாதுவானதன்று. கோடையில் மணல்திட்டுகளுக்கிடையே நூல் நூலாகப் பிரிந்து ஓடும் அதே லுவார், மழைக்காலத்தில் மலையிலும் சமவெளியிலும் ஒரே சமயத்தில் மழை பெய்துவிட்டால் பல நூறு மடங்கு பெருகி ஊர்களை விழுங்கியிருக்கிறது. ஆகையால் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதற்கொண்டே அரசர்கள் அதன் ஓரமாக மண்ணையும் கல்லையும் கொட்டிக் கரை எழுப்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் கரையை இன்னும் சிறிது உயர்த்தினார்கள். நதி ஒவ்வொரு முறையும் எங்கேயாவது அதை உடைத்துக்கொண்டு சென்றது. 1846, 1856, 1866 ஆகிய மூன்று வருஷங்களிலும், பத்து வருஷத்துக்கொரு முறை தவணை வைத்தாற்போல் வந்த மகா வெள்ளங்களின் உயரத்தைக் கரையோர ஊர்களின் சுவர்களில் கோடு கிழித்து வருஷத்தையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே சில கோடுகள் இருக்கும். இப்போது பிரயாணிகள் செல்லும் பாதையின் பெரும்பகுதி இந்த வெள்ளக்கரைகளின் முதுகிலோ அடியிலோதான் போகிறது. மேலே ஏறிவிட்டால் ஒருபுறம் நதியும் மணல்திட்டுகளும், மறுபுறம் தாழ்வான வயல்களும் ஓட்டுவீடுகளும், இரண்டும் ஒரே பார்வையில் தெரிகின்றன. சமவெளியில் இத்தகைய உயரமான இருக்கை வேறெங்கும் எளிதில் அகப்படாது.

படகு வியாபாரத்தைக் கொன்றது ரயில். பாரிஸிலிருந்து ஓர்லியானுக்கு 1843-இலும், அங்கிருந்து தூர் நகரத்துக்கு 1846-இலும், நாந்துக்கு 1851-இலும் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. அதற்குச் சற்று முன்னால் நீராவிப் படகுகள் நதியில் ஓடிப் பார்த்தன. அவற்றில் கொதிகலன் வெடித்து ஜனங்கள் மாண்டபோது, ‘வெடிக்காதவை’ என்றே தங்கள் படகுகளுக்குப் பெயர் சூட்டி விளம்பரம் செய்த ஒரு கம்பெனி தோன்றியது. வெடிக்காமலிருந்தும் அவை பிழைக்கவில்லை. கரையிலிருந்து நீருக்குச் சரிந்திறங்கும் கல்பாவிய துறைகளும், படகு கட்டும் இரும்பு வளையங்களும், நதியைப் பார்த்த பெரிய சத்திரங்களும் ஆளில்லாமல் நின்றன.

கொன்றவனும் நெடுநாள் வாழவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு ரசமான பகுதி. பெரிய நகரங்களை இணைத்த பாதைகள் நிலைத்து, இன்றும் லுவார்க் கரையில் ரயில்கள் ஓடுகின்றன. ஆனால் 1879-இல் மந்திரி ஃபிரேசினே வகுத்த திட்டத்தின்படி, ஒவ்வொரு சிறு நிர்வாக நகரத்தையும் எட்டும்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளைப்பாதைகள் போடப்பட்டனவே, அவை லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் 1930-கள் முதற்கொண்டு ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இரும்பைப் பிடுங்கியபின் எஞ்சியது மேடு பள்ளத்தை வெட்டியும் நிரப்பியும் ஒரே சீராக்கிய நிலம். ரயில் எஞ்சினுக்காக அவ்வளவு கவனமாகக் குறைக்கப்பட்ட ஏற்றம் மனிதனின் முழங்காலுக்கும் உகந்ததாயிருந்ததில் வியப்பில்லை. பர்கண்டியில் ஜிவ்ரி, குளூனி என்னும் ஊர்களுக்கிடையே இத்தகைய ஒரு கிளைப்பாதை 1997-இல் தார் போடப்பட்டு மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லாத பசுமைப் பாதையாகத் திறக்கப்பட்டது; 2004-இல் அவ்வகைப் பாதைகளுக்குச் சாலைச் சட்டத்திலேயே தனி ஸ்தானம் கிடைத்தது. கால்வாய்களின் கதியும் அதுவே. குதிரையும் மனிதனும் கயிற்றால் படகை இழுத்துச்சென்ற இழுவைப் பாதைகள் தேவையற்றுப்போய்ப் புல் மண்டிக் கிடந்து, பிறகு சைக்கிளுக்குப் பயன்பட்டன.

இவையன்றி, சாதாரணச் சாலைகளும் உண்டு. பிரான்ஸில் ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள் இருக்கின்றன; நூறு பேர் வசிக்கும் ஊருக்கும் ஒரு மேயரும், ஒரு நகர மண்டபமும், அண்டை ஊர்களுக்கு ஒவ்வொரு சாலையும் உண்டு. நெடுந்தூரப் போக்குவரத்தை விரைவுச் சாலைகள் இழுத்துக்கொண்டபின், இந்தச் சின்னச் சாலைகளில் டிராக்டரும் தபால் வண்டியும் ரொட்டி விற்கும் வண்டியுமே மிஞ்சின. மிஷ்லேன் கம்பெனியாரின் வரைபடத்தில் பெரிய சாலைகள் சிவப்பிலும், அடுத்தவை மஞ்சளிலும், மிகச் சிறியவை வெள்ளையிலும் குறிக்கப்படுகின்றன. காட்சிக்கு இனிய சாலைகளின் ஓரத்தில் பச்சைக்கோடு ஓடும். அனுபவமுள்ள பிரயாணி வெள்ளைச் சாலைகளாகப் பார்த்துக் கோத்துக்கொண்டு போவான். எவருடைய யோசனையும் இல்லாமல் அவனே ஒரு பாதையைச் சிருஷ்டித்துக்கொள்ள முடியும்.

லுவார்ப் பாதை நெவேர் நகரத்துக்கு அருகில், அலியே நதி லுவாருடன் கலக்குமிடத்தை அடுத்த க்யூஃபி என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் ஆரம்பித்து 900 கிலோமீட்டரில் கடலுக்கு இறங்குவதால், ஏற்றம் என்று சொல்லத்தக்கது சொற்பமே. முதற்பகுதியில் துணையாக வருவது 1838-இல் திறக்கப்பட்ட பக்கக் கால்வாய். மணலும் வெள்ளமுமாயிருந்த நதியை நம்ப முடியாமல், அதற்கு இணையாகவே ஒரு கால்வாயை வெட்டிவிட்டார்கள். அந்தக் கால்வாய் பிரியார் என்னுமிடத்தில் ஒரு வேடிக்கை காட்டுகிறது. 662 மீட்டர் நீளமுள்ள எஃகுப் பாலமொன்றின் மேல் கால்வாயே நதியைத் தாண்டுகிறது. கீழே நதி ஓட, மேலே தண்ணீர் நிற்க, அத்தண்ணீரில் படகு மிதந்து செல்கிறது. 1896-இல் கட்டி முடிந்த இப்பாலத்தின் கற்கட்டுமானத்தை, பாரிஸ் கோபுரத்தால் பெயர்பெற்ற ஐஃபெல்லின் கம்பெனி செய்தது. 2003-இல் ஜெர்மனியின் மக்டபுர்க் நகரத்தருகே இதைவிட நீண்டதொன்று திறக்கப்படும் வரையில் இவ்வகைப் பாலங்களில் இதற்கு நிகர் இல்லை. இருபுறமும் அலங்கார விளக்குத் தூண்கள் நிற்கும் நடைபாதையில் சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனால், அந்தக் காலத்து என்ஜினீயர்கள் உபயோகத்தையும் சிருங்காரத்தையும் வேறு வேறாக நினைக்கவில்லை என்பது விளங்கும்.

அதற்கப்பால் சுய்லி முதல் ஷலோன் வரையிலான நதிப் பள்ளத்தாக்கு முழுவதையும் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியமாக அங்கீகரித்தது. உல்லாசப் பிரயாணிகள் திரள்வது இந்தப் பகுதியில்தான். ஷம்போர், புளுவா, ஷோமோன், அம்புவாஸ், வில்லாந்திரி என்று மாளிகைகள் வரிசையாக வருகின்றன. இவற்றைப் பற்றிப் போதுமான புத்தகங்கள் உண்டு. நான் விரித்துரைக்கப் போவதில்லை. ஆனால் முதலாம் பிரான்ஸ்வா அரசன் 1519-இல் தொடங்கிய ஷம்போர் மாளிகைக்குச் சைக்கிளில் போகிறவருக்கு மட்டும் கிடைக்கும் ஓர் அநுகூலத்தைச் சொல்லியாக வேண்டும். அம்மாளிகையைச் சுற்றியுள்ள வேட்டைக்காட்டை 32 கிலோமீட்டர் நீள மதில் வளைத்திருக்கிறது. பஸ்ஸில் வருகிறவர் அதை ஒரு கணத்தில் கடந்து மாளிகை வாசலில் இறங்குகிறார். சைக்கிளில் வருகிறவரோ மதிலின் வாயிலில் நுழைந்து, ஓக் மரங்களுக்கும் மான்களுக்கும் நடுவே வெகுநேரம் போனபின்தான் மாளிகையின் கூரைகளைக் காண்கிறார். அரசனுடைய கர்வம் எவ்வளவு பரப்புள்ளது என்பதைக் கால்கள் அளந்து சொல்கின்றன.

என் மனத்துக்கு மிகவும் உகந்தது இதற்கும் கீழே, வியென் நதி லுவாருடன் சேருமிடத்திலிருந்து சோமூர் வரையிலுள்ள சிறு பகுதி. சங்கமத்தில் காந்த் என்னும் ஊரில் 397-ஆம் ஆண்டில் புனித மார்த்தேன் உயிர் நீத்தார். அவர் நினைவாக எழுந்த கோயில் கோட்டைபோல் நிற்கிறது. இங்கிருந்து தென்கரை முழுவதும் வெண்மையான மெல்லிய சுண்ணாம்புப் பாறை. கத்தியால் சீவலாம் போன்ற அந்தக் கல்லை வெட்டியெடுத்துத்தான் மாளிகைகளும் மாதா கோயில்களும் சாதாரண வீடுகளும் கட்டினார்கள். வெட்டிய இடங்களில் பாறைக்குள் மைல்கணக்கில் குகைகள் உண்டாயின. வீடு கட்டக் கல் கொடுத்த பள்ளத்தையே ஏழைகள் வீடாக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் அதே குகைகளில் காளான் வளர்த்தார்கள், திராட்சை ரசத்தைப் பதப்படுத்தினார்கள். கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெதுவெதுப்புமாக ஒரே நிலையிலிருக்கும் உஷ்ணம் இரண்டுக்கும் ஏற்றதாயிருந்தது. சூசே-ஷாம்பிஞி என்ற ஊரில் பாதை பாறைக்குள்ளேயே புகுந்து, முன்னொரு காலத்தில் கடைகள் இருந்த குகைத்தெரு வழியாக வெளியேறுகிறது. வெயிலிலிருந்து சட்டென்று இருட்டிலும் குளிரிலும் நுழையும்போது சைக்கிளைவிட்டு இறங்கிவிடுவது நல்லது. கண்கள் பழகுவதற்குள் சுவர் வந்துவிடும்.

வெள்ளக்கரை எல்லா இடத்திலும் அமைதியாக இருக்கிறதென்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். தூர் நகரத்துக்கும் சோமூருக்கும் இடையே வடகரையின் முதுகில் மோட்டார் சாலை போகிறது. லாரிகள் உரசிக்கொண்டு செல்லும். அதனாலேயே சைக்கிள் பாதையை அங்கே தென்புறமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாளிகைகளின் படங்களில் காணாத இன்னொன்றும் உண்டு. குளிர்விப்பதற்கு நதிநீர் வேண்டுமென்பதால், பெல்வில், தாம்பியேர், சேன்-லோரான், ஷினோன் ஆகிய நான்கு இடங்களில் அணுமின் நிலையங்கள் லுவார்க் கரையில் நிற்கின்றன. அவற்றிற் சிலவற்றின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் வெண்புகைபோன்ற நீராவி வெகுதூரத்திலிருந்தே தெரியும். சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நதி உழைத்துக்கொண்டே வந்திருக்கிறது; படகுக்கு உழைத்தது போய் மின்சாரத்துக்கு உழைக்கிறது.

நடுவே லுவாரைக் கட்டிப்போடப் பெரிய அணைகள் குறைவு. மேற்பகுதியில் சேர்-த-லா-ஃபார் என்னுமிடத்தில் திட்டமிட்ட ஓர் அணையை எதிர்த்து, 1989 முதல் பல வருஷங்கள் ஜனங்கள் அவ்விடத்திலேயே குடியேறி அமர்ந்ததன் பலனாக அத்திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் கோடையில் மணல்திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடுகின்றன. அப்போது திட்டுகளில் கால்வைப்பதற்குத் தடை உண்டு. இந்நதியில் முற்றிலும் அழிந்துபோயிருந்த, நீர்நாய் போன்ற பீவரை 1970-களில் புளுவாவுக்கருகே கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகிவிட்டன, கரையோர மரங்களில் அவற்றின் பல் அடையாளங்களைக் காணலாம்.

கூட்டத்தை விரும்பாதவர்கள் தெற்கே லோட் நதிக்குப் போகலாம். லுவாரின் விஸ்தாரம் இதற்கு இல்லை; செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே வளைந்து வளைந்து போகிறது. லுசேஷ் என்னும் ஊரில் பெரிய வளையமாகச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்குச் சில நூறு அடி தூரத்திலேயே திரும்பி வந்துவிடுகிறது. காரோன் நதியுடன் அது கலக்கும் எகுய்யோன் என்னும் ஊரிலிருந்து காவோர் நகரம் வரையில் சுமார் 160 கிலோமீட்டர் தூரத்துக்குச் சைக்கிள் பாதை குறிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் சின்னச் சாலைகள்தாம். ஓரங்களில் கருமை படர்ந்த திராட்சை ரசத்துக்குப் பெயர்போன காவோர்த் தோட்டங்கள். பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய மூன்று கோபுரமுள்ள வலாந்த்ரே பாலம் காவோரின் வாசலில் நிற்கிறது.

அங்கேயும் பழைய வியாபாரத்தின் தடமே வழிகாட்டுகிறது. திராட்சை ரசமும் நிலக்கரியும் இந்நதி வழியாகப் போர்தோவுக்குப் போயின. காவோருக்கு மேலே, பாறை நேராக நீரில் இறங்கி, படகிழுப்பவர்கள் கால்வைக்க இடமில்லாதிருந்த ஓரிடத்தில், 1840-களில் பாறையின் வயிற்றைக் குடைந்து, தலைக்கு மேல் கல் விதானம்போல் நிற்க, ஒரு நீண்ட பாதை செதுக்கினார்கள். அவ்வளவு பாடுபட்டுச் செதுக்கிய பாதையில் சுமார் இருபது வருஷங்களே முழு வேகத்தில் வேலை நடந்தது. 1869-இல் காவோருக்கு ரயில் வந்துவிட்டது. அங்கே நடந்து செல்வதே உசிதம். சைக்கிள் விடுவதற்கு அகலமும் இல்லை, தடுப்பும் இல்லை. மேலே நதியிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் பாறைவிளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சேன்-சீர்-லப்போப்பி கிராமம் பகலில் ஜனநெருக்கடியாகவும் அந்தியில் வெறிச்சென்றும் இருக்கும். அதற்கருகே லோட்டுடன் சேரும் செலே நதியின் பள்ளத்தாக்கைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். பாறையும் புல்வெளியும் மாறி மாறி வரும் ஒற்றைச் சாலை. கீழ்க்கோடியில் பெஷ் மெர்ல் குகை. 1922-இல் இரு சிறுவர்கள் புகுந்து கண்டுபிடித்த அக்குகையில், ஏறக்குறைய 29,000 வருஷங்களுக்கு முன் மனிதன் எழுதிய புள்ளிக் குதிரைகளைப் பார்க்க இன்னும் ஜனங்களை அனுமதிக்கிறார்கள்.

வடமேற்கே மயென் நதியின் இழுவைப் பாதை குழந்தைகளுடன் வருகிறவர்களுக்கு ஏற்றது. பிரிட்டனியில் நாந்திலிருந்து பிரெஸ்ட் வரையில் 364 கிலோமீட்டர் ஓடும் கால்வாய், ஆங்கிலேயக் கப்பற்படை கடல்வழியை முற்றுகையிட்டபோது துறைமுகங்களை உள்நாட்டு வழியாக இணைக்க நெப்போலியன் காலத்தில் தொடங்கப்பட்டது. அது முடிவதற்குள் நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை; யுத்தத்துக்காக வெட்டியதில் இப்போது தூண்டில்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்விதம் ஊர் ஊராகச் சைக்கிளில் போவது அத்தேசத்தாருக்கு நேற்று வந்த பழக்கமன்று. சைக்கிள் தொழிலுக்குப் பெயர்பெற்ற சேன்-எத்தியேனில் (நிலக்கரி ஓடங்கள் புறப்பட்ட அதே பிரதேசம்) பட்டு வியாபாரியாயிருந்த போல் த விவி என்பவர், 1887-இல் சைக்கிள்காரர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கி, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதி, பந்தயத்துக்காக அன்றித் தேசத்தைப் பார்ப்பதற்காகச் சைக்கிள் விடும் முறைக்கு ஒரு சாஸ்திரமே வகுத்தார். பசிக்கு முன்னரே உண்க, தாகத்துக்கு முன்னரே குடிக்க, வீம்புக்காக மிதிக்காதே என்கிற தோரணையில் அவர் வகுத்த நியமங்கள் இன்றும் வழங்குகின்றன. கியர் மாற்றும் கருவிக்காக அவர் பல வருஷம் வாதாடினார். வேடிக்கை என்னவென்றால், அக்கருவியைச் சாதாரணப் பிரயாணிகள் வெகுகாலம் அநுபவித்த பிறகு, 1937-இல்தான் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் அதை அனுமதித்தார்கள். சோம்பேறிகளின் உபாயம் என்று வீரர்கள் ஒதுக்கியதைப் பிற்பாடு அவர்களே கைக்கொண்டார்கள். 1930-இல் டிராம் வண்டி மோதி அவர் இறந்தார். ஆறு வருஷம் கழித்து, 1936-இல், மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் இருவர் மிதிக்கும் சைக்கிள்களில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு நகரங்களிலிருந்து வெளியேறிய இளந்தம்பதிகளின் புகைப்படங்கள் பிரெஞ்சு ஜனங்களின் ஞாபகத்தில் அழியாமல் இருக்கின்றன.

இனி, போக விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் உத்தமம். ஆகஸ்டில் தேசமே விடுமுறையில் இருக்கும். ஒரு நாளைக்கு 50 அல்லது 60 கிலோமீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது. வைத்துக்கொண்டால் சங்கமங்களையும் சந்தைகளையும் பார்க்க முடியாமல் மைல்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிராமத்துக் கடைகள் மூடப்பட்டு இரண்டு மணிக்குப் பிறகே திறக்கும். ஞாயிறு பிற்பகலிலும் திங்களன்றும் பல ஊர்களில் ரொட்டிக் கடையும் திறந்திராது. ஆகையால் காலையிலேயே ரொட்டியும் அந்தந்தப் பிரதேசத்து வெள்ளாட்டுப் பாற்கட்டியும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது விவேகம். தூர் பகுதியில் விற்கும் நீண்ட உருளையின் நடுவே ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும். மாமிசம் உண்ணாதவர்களுக்கு உணவு விடுதிகளைவிடச் சந்தைகளே கைகொடுக்கும். தண்ணீருக்கு அநுபவஸ்தர்கள் சொல்லும் யுக்தி ஒன்று: எந்தக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்திலும் பூச்செடிகளுக்காக ஒரு குழாய் இருக்கும், குடிக்கத் தகாதென்று பலகை இல்லாவிட்டால் புட்டியை நிரப்பிக்கொள்ளலாம். பெரிய பாதைகளிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் விடுதிகளில் பல, சைக்கிள் பிரயாணிகளை வரவேற்பதாக அடையாளப் பலகை மாட்டியிருக்கின்றன. பூட்டிய கொட்டகையும் பழுது பார்க்கும் கருவிகளும் அங்கே கிடைக்கும். வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும் தேசம் அது. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் மோட்டார் ஒன்றரை மீட்டர் விலகிப் போகவேண்டும் என்பது சட்டம். கிராமப்புறங்களில் பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள்.

எந்தத் திசையில் போவது என்பதில் பிரயாணிகளுக்குள் ஓயாத விவாதம் உண்டு. நதி ஓடும் திசையில் போனால் இறக்கம் என்று நினைத்து அநேகர் கிழக்கிலிருந்து புறப்படுகிறார்கள். ஆனால் 900 கிலோமீட்டரில் இருநூறு மீட்டர் இறக்கத்தைக் கால்கள் உணருவதில்லை. படகுகளை ஓர்லியானுக்குத் தள்ளிய மேற்குக் காற்றை மார்பு நன்றாகவே உணரும். நீரோட்டத்தின் உதவியும் கிடையாது, காற்றும் எதிரி. ஆகவே ஓடக்காரர்கள் செய்தபடி சமுத்திரத்திலிருந்து ஏறிப் போவதே சரியென்பது என் கட்சி.

அப்படிப் புறப்படுகிறவருக்கு முதல் நாளே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. பாதையின் மேற்குக்கோடியான சேன்-பிரெவேன் தென்கரையில் இருக்கிறது. ரயில் நிலையமோ எதிர்க்கரையில் சேன்-நசேர் நகரத்தில். இரண்டையும் இணைக்கும் பாலம் 1975-இல் கட்டியது, 3,356 மீட்டர் நீளம். பெரிய கப்பல்கள் அடியில் புகுந்து போகும்படி நடுப்பகுதி மிக உயரமாக வளைந்திருக்கிறது. சைக்கிளுக்குச் சாலையோரத்தில் ஒரு குறுகிய பட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். கடற்காற்று பக்கவாட்டில் அறைய, லாரிகள் அருகில் விரைய, மூட்டைகளுடன் அதைக் கடப்பது தைரியசாலிகளுக்கே ஆகும். கோடையில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடக்கும் பஸ் வசதி உண்டு. அதுவும் அமையாவிட்டால் நாந்தில் ரயிலை விட்டு இறங்கி, தென்கரை வழியாக ஒரு நாள் பிரயாணத்தில் சேன்-பிரெவேனுக்குப் போய், கடற்கரை மணலில் ஹுவாங் யோங் பிங் என்ற சீனச் சிற்பி 2012-இல் அமைத்த பிரம்மாண்டமான உலோகப் பாம்பின் எலும்புக்கூட்டை நீர் வற்றும் வேளையில் பார்த்துவிட்டு, மறுநாள் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பலாம். வழியில் கரை மாற விரும்புகிறவர்களுக்கு, லெ பெலரேன் என்னும் ஊரில் வடகரைக்கும் தென்கரைக்கும் இடையே மோட்டார்களையும் சைக்கிள்களையும் கட்டணமில்லாமல் ஏற்றிச்செல்லும் பெரும் படகுச் சேவை இன்னும் இருக்கிறது.